லேப்பில் கோளாறா, கணக்கில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

என் மேசையில் இரண்டு நோட்டுகள் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒன்று கல்லூரிக் கணினி லேப்பின் புகார் நோட்டு. மற்றொன்று மாணவர்கள் கட்டும் தொழில்நுட்பக் கட்டணத்தின் வரவு செலவு. பல கல்லூரிகளில் முதலாவது லேப் பொறுப்பாளரிடம் இருக்கும், இரண்டாவது கணக்குப் பிரிவின் அலமாரியில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாததால்தான் பல பிழைகள் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகின்றன. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போனது லேப்பில் தெரியும். அதற்கென்று யாரும் பணம் ஒதுக்கவே இல்லை என்பது கணக்கில்தான் தெரியும். ஆகவே இரண்டு பக்கத்துக் கோளாறுகளையும் இங்கே கலந்தே எழுதுகிறேன்.

எந்தப் புகார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் மூன்று கேள்விகள். ஒரு சிஸ்டமா, ஒரு வரிசையா, லேப் முழுவதுமா? எப்போதுமா, குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமா? கடைசியாக எது மாறியது? ஒரு சிஸ்டம் என்றால் அந்தப் பெட்டியிலும் அதன் கேபிளிலும் தேடுங்கள். ஒரு வரிசை என்றால் அந்த வரிசைக்குப் போகும் சுவிட்ச் அல்லது மின் இணைப்பு. லேப் முழுவதும் என்றால் பெட்டிகளைத் தொடவே வேண்டாம், சர்வர் பக்கம் போங்கள். "சிஸ்டம் வேலை செய்யலை சார்" என்ற ஒற்றை வரிப் புகாரை நான் ஏற்பதில்லை. திரையில் வந்த செய்தியைப் போனில் படம் எடுத்துவரச் சொல்வேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

காலை முதல் பாடவேளையில் மட்டும் எல்லாம் ஆமை வேகம்

மதியம் அதே சிஸ்டம் நன்றாக ஓடுகிறது என்றால் கணினி பழசாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் நெடுவரிசையைப் பாருங்கள். 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டில் ஒன்று.

முதலாவது, அப்டேட். லேப்களில் மறுதொடக்கம் செய்தாலே பழைய நிலைக்குத் திரும்பும் உறைநிலை மென்பொருள் போட்டிருப்போம். அதில் சிஸ்டம் ஒவ்வொரு நாளும் காலையில் அப்டேட்டை இறக்கும், மாலையில் மூடியதும் அது அழிந்துபோகும், மறுநாள் மறுபடி இறக்கும். 40 சிஸ்டமும் இதையே செய்தால் முதல் பாடவேளை அதோடு சரி. வாரத்தில் ஓர் இரவை ஒதுக்கி, உறைநிலையை நீக்கி, அப்டேட்டை முடித்துவிட்டு மறுபடி உறைய வைக்கும்படி அட்டவணை போடுங்கள். நெட்வொர்க் வழியாக சிஸ்டத்தை எழுப்பும் வசதி பயாஸில் (சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புத் திரையில்) இருக்கும். அதை இயக்கி வைத்தால் இரவில் யாரும் வந்து உட்கார வேண்டாம்.

இரண்டாவது, மாணவரோடு சேர்ந்தே பயணம் செய்யும் புரொஃபைல், அதாவது எந்த சிஸ்டத்தில் லாகின் செய்தாலும் சர்வரிலிருந்து இறங்கிவரும் அவரவர் கோப்புகளும் அமைப்புகளும். ஒவ்வொருவரின் டெஸ்க்டாப்பிலும் 2 ஜிபி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் ஒரே மணியடிப்பில் லாகின் செய்தால் 80 ஜிபி நகர வேண்டும். சர்வரின் இணைப்பு 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு ஜிகாபிட்) என்றால் நொடிக்கு 125 எம்பிக்கு மேல் போகாது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், நடைமுறையில் அதைவிடக் கூடும். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் கோப்புறைகளை சர்வருக்கே திருப்பிவிட்டு, ஆளுக்கு ஓர் அளவு வரம்பு வையுங்கள். ஒரு மாணவரின் டெஸ்க்டாப்பில் ஒரு முழு சினிமா நான்கு பிரதிகளாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டும் இல்லை, எந்த நேரத்திலும் மெதுவாகத்தான் இருக்கிறது என்றால், உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுழலும் பாகமே இல்லாத, வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். புது சிஸ்டம் கேட்டுக் குறிப்பு எழுதுவதற்கு முன் ஒரே ஒரு சிஸ்டத்தில் மாற்றி, இரண்டையும் அருகருகே வைத்து முதல்வருக்குப் பூட் செய்து காட்டுங்கள். எந்தக் கொட்டேஷனையும் விட அது நன்றாகப் பேசும்.

லாகின் ஆகவில்லை, பாஸ்வேர்டு சரிதான்

டொமைனுடன், அதாவது எல்லா லாகினையும் சர்வரில் சரிபார்க்கும் கல்லூரி அமைப்புடன், நம்பிக்கை உறவு முறிந்தது என்ற செய்தி வந்தால், அந்த லேப்பில் உறைநிலை மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் சிஸ்டத்துக்கும் டொமைனில் ஒரு பாஸ்வேர்டு உண்டு. வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை அது தானாக மாறும். சிஸ்டம் புதிய பாஸ்வேர்டை சர்வரில் பதிந்துவிட்டு, மறுதொடக்கத்தில் பழையதற்குத் திரும்பினால் சர்வர் எப்படி அடையாளம் காணும்? உறையும் சிஸ்டங்களில் இந்தத் தானியங்கி மாற்றத்தைக் கொள்கை அமைப்பில் (குரூப் பாலிசி) நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு உறைநிலையை நீக்கி, டொமைனில் மீண்டும் சேர்த்து, உறைய வையுங்கள். நிறுத்தாமல் சேர்த்தால் அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்பீர்கள்.

இன்னொரு வகை என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. ஜன்னலோர வரிசையில் ஆறு சிஸ்டம், காலையில் மட்டும் லாகின் ஆகாது. ஆன சிஸ்டத்திலும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. பத்தரை மணிக்கு மேல் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். கேபிள் மாற்றினேன், சுவிட்ச் போர்ட் மாற்றினேன். மூன்றாம் நாள் லேப் அசிஸ்டெண்ட் சாதாரணமாகக் கேட்டார்: "சார், இந்த சிஸ்டத்துல மட்டும் ஏன் தேதி பழசா காட்டுது?" திரையின் வலது மூலையை நான் பார்க்கவே இல்லை. இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 வட்ட பேட்டரி தீர்ந்த சிஸ்டங்கள் தேதியை மறந்துவிடும். லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை, வழக்கமான அமைப்பில், 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசத்தைப் பொறுக்காது. சிஸ்டம் மெதுவாக சர்வரிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே விடும். ஆறு வட்ட பேட்டரியும் ஒரு ஸ்குரூ டிரைவரும் அரை மணி நேரமும் போதுமாக இருந்தது. ஒரே ஆண்டில் வாங்கிய சிஸ்டங்கள் என்றால் மிச்சமிருப்பவற்றிலும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் நெட் போய்விடுகிறது

சிஸ்டத்தின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். அந்த ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் என்றால் கேபிள். பலருக்கும் என்றால் பெரும்பாலும் முகவரி தீர்ந்துவிட்டது. சிறிய நெட்வொர்க் ஒன்றில் 254 முகவரிகள்தான் கிடைக்கும். அதே நெட்வொர்க்கில் வைஃபையும் இருந்தால் ஒவ்வொரு மாணவரின் போனும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் சர்வரில் ஒரு முகவரியை வைத்திருக்கும் இயல்பான குத்தகைக் காலம் 8 நாள். திங்கட்கிழமை வராந்தாவில் நடந்துபோன போன் அடுத்த வாரம் வரை முகவரியை வைத்திருக்கும். வைஃபையைத் தனி வீலானுக்கு (அதே சுவிட்சில் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்குக்கு) மாற்றுங்கள், அதன் குத்தகையை ஓரிரண்டு மணி நேரமாகக் குறையுங்கள்.

முகவரி 192.168 என்று தொடங்குகிறது, ஆனால் அது உங்கள் கல்லூரியின் வரிசை இல்லை என்றால் யாரோ வீட்டு ரௌட்டர் ஒன்றைச் சுவர் சாக்கெட்டில் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள், அதுவும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. விடுதியிலும் ஆசிரியர் அறையிலும் தேடுங்கள். எனக்கு இரண்டு முறையும் ஆசிரியர் அறையில்தான் கிடைத்தது. அனுமதி இல்லாத கருவி முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை சுவிட்சில் இயக்கினால் தேடும் வேலையே இருக்காது.

சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்தால் அது லூப், தகவல் வெளியேறாமல் வட்டமடிக்கிறது. சும்மா தொங்கிய கேபிளின் இரண்டு முனையையும் யாரோ ஒழுங்காக இரண்டு சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். உதவி செய்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார். லூப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ வசதி சுவிட்சில் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மென்பொருள் "உரிமம் இல்லை" என்கிறது

வகுப்பில் 40 பேர், பகிர்வு உரிமம் 25, அதாவது ஒரே நேரத்தில் 25 பேர்தான் திறக்க முடியும். இதை வாங்கிய அன்றே தெரியும், ஆனாலும் தேர்வு வாரத்தில்தான் வெடிக்கும். உடனே "இன்னும் 15 வாங்குவோம்" என்று குறிப்பு எழுத வேண்டாம். உரிம சர்வரின் பதிவில் எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள், எந்த நேரத்தில், எத்தனை உரிமங்கள் யாரும் தொடாமல் திறந்து கிடந்தன என்று பாருங்கள். மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களிடம் எட்டுப் பத்து உரிமம் மாட்டிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் சும்மா இருந்தால் உரிமத்தைத் திரும்பப் பெறும் அமைப்பைப் போட்டபின் ஒரு மாதம் பொறுங்கள். அதன் பிறகும் மறுப்புகள் வந்தால் அந்தப் பட்டியலையே குறிப்போடு இணைத்து அனுப்புங்கள். எத்தனை வாங்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

ஒட்டுமொத்தமாக எல்லா சிஸ்டத்திலும் விண்டோஸை ஆக்டிவேட் செய் என்று வந்தால் வேறு கதை. கல்லூரிக்குள் இருந்தபடி விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் சர்வர், குறைந்தது 25 கணினிகள் கேட்டால்தான் விண்டோஸுக்கு ஒப்புதல் தரத் தொடங்கும். ஒரு சிஸ்டத்தை நகல் எடுத்து மற்றவற்றில் போடும்போது சிஸ்பிரெப் (மூல சிஸ்டத்தின் தனி அடையாளத்தை நீக்கும் வேலை) செய்யாமல் விட்டிருந்தால், 60 சிஸ்டமும் சர்வர் கண்ணுக்கு ஒரே சிஸ்டம்தான். எண்ணிக்கை ஏறவே ஏறாது. ஒப்புதல் 180 நாளுக்குத்தான் செல்லும் என்பதால், கடன் கொடுத்த லேப்டாப் அரை வருடம் கல்லூரிப் பக்கம் வராவிட்டால் அதற்கும் இதே செய்தி வரும்.

பிரிண்டர்

அச்சு வரிசை நகராமல் நிற்கிறதா? அந்த வரிசையை நிர்வகிக்கும் ஸ்பூலரை நிறுத்துங்கள், சிக்கிய கோப்பை அழியுங்கள், மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலும் 300 பக்க பிடிஎஃப் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். தாள் அடிக்கடி சிக்கினால் பிரிண்டரைத் திட்டுவதற்கு முன் தாள் கட்டு ஈரம் பட்டதா என்று பாருங்கள். ஆளுக்கு இத்தனை பக்கம் என்று வரம்பு வைக்காத லேப்பில் டோனர் செலவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கரண்ட் போனதும் யூபிஎஸ்ஸும் சேர்ந்து போகிறது

யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரம் சிறிய யூபிஎஸ்ஸைப் படுக்க வைத்துவிடும். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் பேட்டரி. மூடிய வகை ஈய அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு வரை வரும், அதுவும் 25 டிகிரி வெப்பத்தில். ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும். காற்று போகாத மூலையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வைத்தால் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். யூபிஎஸ் வாங்கும் அன்றே நான்காவது ஆண்டின் பட்ஜெட்டில் பேட்டரி என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். அந்த வரி இல்லாததால்தான் இந்தப் புகாரே வருகிறது.

வர வேண்டிய கட்டணத்துக்கும் வந்த தொகைக்கும் பொருந்தவில்லை

இதை லேப்காரர்கள் தங்கள் வேலை இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் அடுத்த வருடம் எஸ்எஸ்டி கேட்கும்போது பணம் இருக்காது.

தொகையாகப் பார்க்காமல், முழுக் கட்டணம் ஒன்றை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடுங்கள், சீக்கிரம் பிடிபடும். ஒரு எடுத்துக்காட்டுக்கு, பட்டியலில் 1,200 பேர். அவர்களில் 150 பேர் பகுதிநேரம், பாதிக் கட்டணம். ஆக 1,050 + 75 = 1,125 அலகு வர வேண்டும். விலக்கு பெற்றவர்கள் 60, திருப்பித் தரும் காலத்துக்குள் படிப்பை விட்டவர்கள் 25, இன்னும் கட்டாதவர்கள் 40. இவற்றைக் கழித்தால் 1,000. நம் கணக்கில் இருப்பதோ 960. இந்த 40 எங்கே?

தேடும் வரிசை இதுதான். பட்டியலும் வரவும் ஒரே தேதியில் எடுக்கப்பட்டவையா என்று முதலில் பாருங்கள். சேர்க்கை நடக்கும்போது ஒரு வாரம் முன்பின் ஆனாலே எண் மாறும். பல நேரம் இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து, ஒரே ஆள் இரண்டு படிப்பில் பதிவாகி இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறாரா என்று. அதற்கும் அடுத்தது கணக்குத் தலைப்பு. தாமதமாகச் சேர்ந்தவர்களுக்குக் கையால் ரசீது போடும்போது எல்லாக் கட்டணத்தையும் ஒரே தொகையாகக் கல்விக் கட்டணத் தலைப்பில் பதிந்துவிடுவார்கள். பணம் கல்லூரிக்கு வந்திருக்கும், தொழில்நுட்பக் கட்டணக் கணக்குக்கு வந்திருக்காது. காணாமல் போன எண்ணும் தாமதச் சேர்க்கையின் எண்ணும் ஒன்றாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். கணக்குப் பிரிவுக்குப் போகும்போது "தொகை குறைகிறது" என்று போகாமல், "இந்த 40 ரசீதும் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று ரசீது எண்களோடு போங்கள். முன்னது குற்றச்சாட்டு போலக் கேட்கும், பின்னது அரை மணி நேர வேலை.

மாணவர் எண்ணிக்கை குறையவில்லை, ஆனாலும் பணம் பற்றவில்லை

கடந்த மூன்று ஆண்டுச் செலவையும் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள்: ஒருமுறை வாங்குவதற்கு 'ஒ', வருடாவருடம் கட்டுவதற்கு 'வ', தீர்ந்துபோகும் பொருளுக்கு 'தீ'. எனக்கு முதல் முறை இதைச் செய்தபோது 'வ' பக்கம் ஒவ்வோர் ஆண்டும் வீங்கிக்கொண்டே போவது தெரிந்தது. ஒரு துறைக்கு ஒரு மென்பொருள் என்று சிறிய சிறிய சந்தாக்கள். எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. அதில் ஒன்றைப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சந்தா மட்டும் தன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. சந்தாவைப் புதுப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன் துறைத் தலைவரிடம் "இதை யார், எந்தப் பாடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். புதுப்பிக்கும் தேதிகளை எல்லாம் விடுமுறைக்கு நகர்த்தச் சொல்லி விற்பவரிடம் பேசுங்கள், பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

'ஒ' பக்கத்தில் ஒரே ஆண்டில் மலை போல ஏறி மற்ற ஆண்டுகளில் காலியாக இருந்தால் அதுவும் நோய்தான். 200 சிஸ்டத்தையும் ஒரே ஆண்டில் வாங்கினால் 200-ம் ஒரே ஆண்டில் கிழடாகும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது பல லேப்களில் இதுதான் நடந்தது: விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் அதற்கேற்ற பிராசஸரும் வேண்டும், ஒரே தொகுதியில் வாங்கிய சிஸ்டங்கள் ஒன்றாகவே தகுதி இழந்தன. ஐந்தாண்டுச் சுழற்சி என்றால் வருடத்துக்கு 40. புதியவை சுமை அதிகமான மென்பொருள் ஓடும் லேப்புக்கு, அங்கிருந்து எடுத்தவை பொது லேப்புக்கு.

ஆண்டு முடிவில் மிச்சப் பணம் திரும்பிப் போய்விடுமே என்று அவசரமாக வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் வாங்கியிருக்கிறேன். மின் இணைப்பு வேலை முடியாத அறைக்கு 30 சிஸ்டம் வந்து இறங்கியது, ஐந்து மாதம் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. உத்தரவாதம் பில் தேதியிலிருந்து ஓடுகிறது என்பது முதல் மானிட்டர் பழுதானபோதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் ஆர்டரிலேயே "நிறுவிய நாள் முதல்" என்று எழுதி வாங்குகிறேன்.

"கட்டணம் கட்டுகிறோம், எங்களுக்கு என்ன கிடைக்கிறது?"

இது புகார் நோட்டில் வராது, கூட்டத்தில் வரும். பதிலாகச் செலவுப் பட்டியலை வாசிக்காதீர்கள். லாகின் பதிவை மணி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு மாணவி என்னிடம் நேராகவே கேட்டார்: "சார், எங்களுக்கு நாலு மணிக்குத்தான் வகுப்பு முடியுது. நாலு மணிக்கு நீங்க லேப்பைப் பூட்டிடுறீங்க. அப்போ நாங்க எப்ப வர்றது?" பதிவைப் பார்த்தேன். காலை முதல் மாலை வரை எல்லா இருக்கையும் வகுப்புகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. மாணவர் தாமாக வந்து உட்கார வாரத்தில் மூன்றே மணி நேரம். லேப் நிரம்பி வழிகிறது என்று நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன், அவர்களுக்கு அது மூடிய கதவு.

இதற்குப் புது சிஸ்டம் எதுவும் தேவைப்படவில்லை. மாலை ஆறரை வரை திறந்து வைக்க இரண்டு மூத்த மாணவர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம், அதைக் கட்டணத்திலிருந்தே கொடுக்கலாம் என்று குழுவில் ஒரு தீர்மானம், கதவில் பெரிய எழுத்தில் பொது நேர அட்டவணை. கட்டணக் குழுவில் மாணவர்கள் இல்லை என்றால் முதலில் அவர்களைச் சேருங்கள். கட்டணத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி அவர்கள் கையிலும் கொடுங்கள். அலுவலக சிஸ்டம் வாங்கும் யோசனை வரும்போது அந்த ஒரு பக்கம் உங்களுக்காகப் பேசும்.

பதிவேட்டில் 60, எண்ணினால் 57

திருட்டு என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். பழுதுக்குப் போனவற்றின் வெளியேற்றச் சீட்டுகளைப் பாருங்கள், பிறகு தேர்வுப் பிரிவு, நூலகம், ஆசிரியர் அறைகள். "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்று தூக்கிப்போனது அங்கே இருக்கும். ஒவ்வொரு சிஸ்டத்திலும் எண்ணோடு எந்த நிதியில் வாங்கியது என்பதையும் ஒட்டியிருந்தால் திருப்பிக் கேட்பது எளிது. மாணவர் கட்டணத்தில் வாங்கியது என்ற ஸ்டிக்கரைப் பார்த்தபின் யாரும் அதிகம் வாதாடுவதில்லை. எண்ணும்போதே மூடியைத் திறந்து நினைவகத்தையும் சரிபாருங்கள், பெட்டி இருக்கும், உள்ளே ரேம் பாதியாக இருக்கும். கழிவுக்கு அனுப்புவது என்று முடிவானவற்றில் டிஸ்க்கை முழுமையாக அழித்துவிட்டு, அழித்த தேதியையும் அழித்தவர் கையெழுத்தையும் பதிவேட்டிலேயே வாங்குங்கள். மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் பழைய பொருள் எடுப்பவர் கைக்குப் போகக் கூடாது. எங்கள் மூன்றில் இரண்டு தேர்வுப் பிரிவில் கிடைத்தன. மூன்றாவது, முதல்வர் அறை வாசலில் வருகையாளர் பெயரைப் பதியும் மேசையில் இருந்தது. தினமும் நான் அதில்தான் என் பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.